இல்லாத நாட்டுக்குச் சொல் தேடுவோர்

1995-இல் அமெரிக்காவில் ஒரு சீட்டு விளையாட்டு வெளியானது. 'லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ்' என்று பெயர். இரண்டே ஆண்டில் அதைப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டாகவும் விரித்தார்கள். கதை நடக்கும் நாடு ரொகுகன். எந்த வரைபடத்திலும் இல்லாத அந்த நாட்டுக் குடிப்பெயர்கள் ஹிதா, ககிதா, பயூஷி, இசாவா என்று ஒலிக்கும். போர்வீரன் 'புஷி', குறுநில மன்னன் 'டைம்யோ', மந்திரம் கற்ற பூசாரி 'ஷுகெஞ்ஜா', பொற்காசு 'கொகு'. செய்தவர்கள் அமெரிக்கர்கள். ஆடியவர்களிலும் பெரும்பாலோர் ஜப்பானைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். ஆனாலும் ஒரு தலைமுறை இளைஞர்கள் அந்தச் சொற்களை வாயில் போட்டு அந்த நாட்டில் வாழ்ந்தார்கள்.

விளையாட்டின் முறை எளிது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று பேசுவார்கள், முடிவெடுப்பார்கள், பகடை உருட்டுவார்கள். 1974-இல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இதற்கு முன்னோடி. அதன் கிழக்காசியப் பதிப்பு 1985-இல் வந்தபோதே சாமுராயும் நிஞ்சாவும் விதிப்புத்தகத்துக்குள் நுழைந்துவிட்டார்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது ஒன்றும் அந்நியமான ஏற்பாடு இல்லை. செய்யாற்றின் இரு கரையிலும் திரௌபதியம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். திரை பிடித்திருக்கும்போதே கட்டியக்காரன் முன்னால் வந்து, உள்ளே நிற்பது எந்த ராஜா, எந்த நாடு என்று கேள்வி கேட்டு வாயைக் கிளறுவான். கதைக்குள்ளும் நிற்பான், வெளியே வந்து சபையோடும் பேசுவான், கேலியும் செய்வான். மேசை விளையாட்டில் கதை நடத்துபவர் செய்யும் வேலைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. புரிசைக் கூத்தும், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குழுவினர் நடத்திய குருகுலமும் இந்தப் பகுதியின் அடையாளங்கள். இங்கே ஒருவர் இன்னொருவராகப் பேசுவது பழக்கத்தில் இருக்கும் கலை. இல்லாத நாட்டுக்குச் சொற்களை எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான் இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஜப்பானிய மொழி இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு எளிதாக ஒத்துவந்தது? முதல் காரணம் ஒலி. அதில் ஐந்தே உயிர். மெய்க்குப் பின் உயிர் என்ற ஒழுங்கு. சொல்லின் இறுதியில் நிற்கக்கூடிய மெய் அநேகமாக 'ன்' ஒன்றுதான். இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் யார் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் இருபது பெயர் செய்துவிடலாம். அத்தனையும் ஒரே ஊரில் பிறந்தவை போலிருக்கும். தமிழும் இந்த விஷயத்தில் கறாரான மொழிதான். சொல்லின் முதலில் எந்த எழுத்து வரலாம், இறுதியில் எது நிற்கலாம் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் தனித்தனியாக வகுத்து வைத்திருக்கின்றன. வேற்றுமொழிச் சொல் வந்தால் இரு மொழியும் செய்வது ஒன்றையே: நடுவிலோ கடைசியிலோ ஓர் உயிரைச் சேர்த்து வாய்க்கு இதமாக்கிக்கொள்ளும். ஆங்கிலக் 'கார்ட்' நமக்குக் 'கார்டு', அவர்களுக்குக் 'காடோ'.

இந்த ஒலி நெருக்கம் பெரிய அறிஞர்களையும் இழுத்திருக்கிறது. ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவுண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டு, நூற்றுக்கணக்கான சொற்களை இணைவைத்துக் காட்டினார். தமிழறிஞர் பொற்கோவும், யாழ்ப்பாணத்து அருணாசலம் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் இணையரும் அவரோடு உழைத்தார்கள். மொழிக்குடும்ப ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. எனக்கும் அது நிறுவப்பட்டதாகத் தோன்றவில்லை. ஆனால் நகமுரா, யமமுரா என்ற பெயர்களைத் தமிழ்க் காது தடங்கலில்லாமல் வாங்கிக்கொள்வது நாள்தோறும் காண்பது.

ஒலியை மட்டும் வைத்து ஒரு மக்களைப் படைத்த முயற்சி நம்மிடமும் உண்டு. 2015 ஜூலையில் வெளிவந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் பேசும் கிளிக்கி, பாடலாசிரியர் மதன் கார்க்கி செய்த மொழி. ஏறக்குறைய 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். ஆஸ்திரேலியாவில் படித்த காலத்தில் குழந்தைகளோடு விளையாடுவதற்காக அவர் உண்டாக்கிய சிறு மொழிதான் இதற்கு விதை. 'மின்' என்றால் நான், அதைத் திருப்பிப் போட்ட 'நிம்' என்றால் நீ. எதிர்ப்பொருளுக்கு ஒலியையே திருப்பிவிடும் இந்த உத்தி குழந்தை விளையாட்டின் சுவடு. எனக்கு அதில் மிகவும் பிடித்ததும் அதுதான். படம் ஓடி முடிந்த பிறகும் மொழி சாகவில்லை. அதற்குத் தனி எழுத்தும் இணையதளமும் உண்டாயின.

கிளிக்கியின் சிக்கலும் ஒலியிலேயே இருக்கிறது. நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் தென்னாப்பிரிக்காவின் சூலு, ஷோசா போன்ற உயிருள்ள மொழிகளின் உடைமை. காலகேயர் தலைவனின் பெயர் இன்கோஷி. சூலு மொழியில் 'இன்கோசி' என்றாலே தலைவன்தான். தற்செயலோ திட்டமோ, கறுப்பு நிறம், கொடூரம், சொடுக்கொலி மூன்றும் ஒரே கூட்டத்தின் மேல் ஏற்றப்பட்டதைப் பலர் கண்டித்தார்கள். கண்டித்தது நியாயம். ஒலியை எடுப்பவர் அந்த ஒலியைப் பற்றி உலகம் வைத்திருக்கும் எண்ணத்தையும் சேர்த்தே எடுக்கிறார். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் தன் கதைகளில் வரும் எல்ஃப் மக்களின் மொழிகளுக்கு ஃபின்னிஷ் மொழியையும் வெல்ஷ் மொழியையும் காது கொடுத்துக் கேட்டார். அங்கே பழுது வரவில்லை, ஏனென்றால் அவர் அவற்றை உயர்ந்தோர் வாயில் வைத்தார். யார் வாயில் எந்த ஒலி என்பதில்தான் அரசியல் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

இனி ஒலியை விட்டு அளவைக்கு வருவோம். ஜப்பானியச் சொற்களில் ரொகுகனுக்கு உயிர் கொடுத்தது எது என்று கேட்டால், வாளின் பெயரைச் சொல்ல மாட்டேன். 'கொகு'வைச் சொல்வேன். கொகு என்பது அரிசி அளவை; சுமார் 180 லிட்டர். ஒரு ஆள் ஓர் ஆண்டு சாப்பிடும் அரிசி என்று கணக்கு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி நாடு முழுக்க நிலம் அளந்து, இந்த நிலம் இத்தனை கொகு என்று பதிந்தார். பின்னர் வந்த தொகுகாவா ஆட்சியில் பத்தாயிரம் கொகுவுக்குக் குறைந்தவன் டைம்யோ ஆக முடியாது. காகா நாட்டு மயேதா குடும்பத்தார் பத்து லட்சம் கொகுவுக்குச் சொந்தக்காரர்கள். ஒருவன் எத்தனை படைவீரர் அனுப்ப வேண்டும், தலைநகரில் எவ்வளவு பெரிய மாளிகை கட்டலாம், அவையில் எங்கே உட்காரலாம் என்பதெல்லாம் இந்த எண்ணிலிருந்து பிறந்தவை. ஒரே அளவைச் சொல்லில் வயிறும் வரியும் மானமும் முடிச்சுப் போட்டுக்கொண்டன. ரொகுகனில் கொகு காசாக மாறினாலும் அந்த அரிசி வாசனை முழுதாகப் போகவில்லை. வாள், தேநீர், செர்ரிப்பூ மட்டும் எடுத்த பல நகல் விளையாட்டுகள் கடைச்சரக்காக நின்றதற்கும் இது நிலைத்ததற்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்படியானால் தமிழில் ஒரு கற்பனை நாட்டைக் கட்ட நினைப்பவர் ஜப்பான்வரை போக வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பாதையில், செய்யாற்றங்கரையில் மாகறல் இருக்கிறது. அங்கிருந்து மேலே போனால் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில். அந்தச் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறித்த இரண்டு தீர்மானங்கள் உள்ளன. பள்ளிப் பாடத்தில் 'குடவோலை முறை' என்று ஒரு வரியில் நாம் கடந்துபோன கல்வெட்டு. விளையாட்டு வடிவமைப்பவர் கண்ணால் அதை வாசித்தால் பக்கத்துக்குப் பக்கம் விதிதான்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். விவரம் தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்கிறார்கள். எடுத்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையிலே வாங்க வேண்டும். விரலிடுக்கில் இன்னொரு ஓலை மறைந்திருக்கக் கூடாது அல்லவா! ஆயிரம் ஆண்டுக்கு முன்னே யாரோ ஒருவர் இந்தத் தில்லுமுல்லைச் செய்து காட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரலைப் பற்றிக் கல்லில் வெட்டும் அளவுக்கு எவரும் கவலைப்பட மாட்டார்கள்.

இப்படித் தேர்ந்த முப்பது பேரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். இவை தவிரப் பொன் வாரியம், பஞ்சவார வாரியம். பதவிக்காலம் 360 நாள். முதல் தீர்மானத்தில் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது; இரண்டே ஆண்டில் அதை முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று மாற்றியிருக்கிறார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது, அவருடைய உறவினர் வரிசையும் வரக் கூடாது. அத்தையும் மாமனும் வரை நீளும் அந்த உறவுப் பட்டியலைப் படிக்கும்போது, ஒருவன் செய்த களவு எத்தனை வீட்டு வாசலைச் சாத்தியது என்று புரியும். மேசை விளையாட்டில் இந்த ஒரு விதியைச் சேர்த்துப் பாருங்கள்: நீங்கள் பகடை உருட்டித் தோற்றால் உங்கள் மைத்துனர் பாத்திரம் பதவி இழக்கும். பிறகு மேசையில் நடக்கப்போகும் பேரத்துக்கு யாரும் கதை எழுதித் தர வேண்டாம்.

அளவைச் சொற்களும் அப்படியே. நெல்லுக்கு நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நிலத்துக்கு வேலி, மா, காணி, முந்திரி, அதற்கும் கீழே கீழ்முந்திரி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நெல் அளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். நடராசர் பெயரில் ஒரு மரக்கால்! அந்த அளவில் கள்ளம் செய்பவன் ஆளை மட்டும் ஏமாற்றவில்லை. முதலாம் ராஜராஜன் சுமார் 1001-இல் நாடளக்கச் செய்தபோது அதற்குத் தலைமை தாங்கிய அதிகாரி 'உலகளந்தான்' ஆனார்; திருமால் மூன்றடியில் செய்ததை அவர் கோலால் செய்தார். ஹிதெயோஷிக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டு முந்திய கதை இது. வரிகளின் பெயர்களோ தனி உலகம்: தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம், கண்ணாலக் காணம். கல்யாணத்துக்கு வரி கட்டும் நாட்டில் மாப்பிள்ளை வீட்டார் என்ன பேசிக்கொள்வார்கள் என்று யோசித்தாலே ஒரு காட்சி கிடைக்கும்.

பதவிப் பெயர்களில் அரசன் வாய்மொழியை எழுதும் 'திருமந்திர ஓலை', அதற்கு மேலே 'திருமந்திர ஓலை நாயகம்'. 'மூவேந்தவேளான்' என்று முடியும் பட்டங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. முன்னால் ஓர் அரசன் பெயரைச் சேர்த்தால் புது அதிகாரி பிறந்துவிடுவார். ஜப்பானிய அரண்மனைப் பட்டங்களும் நாட்டின் பெயரை முன்வைத்து இப்படித்தான் பெருகின. அரசனுக்காக உயிர்விடச் சூளுரைத்த வேளைக்காரர் படைக்கு இணையாக, தலைவன் இறந்தால் உடன் இறக்கும் 'ஜுன்ஷி' அங்கே இருந்தது. அது மிகுந்துபோய் 1663-இல் ஷோகுன் அரசே தடை விதித்தது. நம் பக்கம் தன் தலையைத் தானே அரிந்து கொடுக்கும் அரிகண்டச் சிற்பங்கள் இன்றும் வயலோரங்களில் கிடக்கின்றன. செங்கம் பகுதியில் எடுத்தனூரில் ஒரு நடுகல், வீரனோடு சேர்ந்து போரிட்ட நாயையும் பெயர் சொல்லி நினைக்கிறது. அந்த நாய் கோவிவன். எந்தக் கற்பனை எழுத்தாளரும் இதைத் தானாக யோசித்திருக்க மாட்டார்.

தமிழ்ப் புனைவு இந்தச் சுரங்கத்தைத் தொடாமல் இல்லை. கல்கி 1950-இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடரில் வேளைக்காரப் படையையும் ஆபத்துதவிகளையும் வீட்டுச் சொற்களாக்கினார். இன்று சோழர் காலம் என்றால் நம் மனத்தில் ஓடுவது பெருமளவு அவர் தேர்ந்தெடுத்த சொற்கள்தாம். செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' 2010-இல் வேறு வழி பார்த்தது. கடல் கடந்த ஒரு மறைவிடத்தில் தப்பிப் பிழைத்த சோழர்களுக்குப் பழந்தமிழ் வாடையுள்ள ஒரு பேச்சைக் கொடுத்தது. அரங்கில் உட்கார்ந்தவர்களுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பலர் அதைக் குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது படத்தின் பலம்: நூற்றாண்டுக் கணக்கில் தனித்துக் கிடந்த கூட்டம் நம்மைப் போலப் பேசினால்தான் பொய். ஆனால் இரண்டிலும் அரசன், படை, சதி ஆகியவையே முன்னால் வருகின்றன. ஏரி வாரியத்துக்கு யாரும் கதை எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

தொழில்மொழி இன்னொரு ஊற்று. நன்னூல் குழூஉக்குறி என்று தனியே ஒரு வகை வைத்திருக்கிறது. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் புழங்கும் மறைசொல். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகள். கள் உள்ளே போனால் உள்ளதெல்லாம் வெளியே வரும் என்று தெரிந்த யாரோ வைத்த பெயர் கடைசிச் சொல். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள் அந்த மரபை ஒலியில்லாமலே காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

மாகறலுக்கு வருகிறேன். சம்பந்தர் பாடிய தலம், இறைவன் திருமாகறலீசுவரர். அந்தக் கோயிலின் தலபுராணம் சொல்லும் கதையில், இங்கே நின்ற ஒரு பலாமரம் நாளொன்றுக்கு ஒரு பழம் காய்க்கும். ராஜேந்திர சோழன் ஏற்பாட்டின்படி ஊரார் முறை வைத்து அந்தப் பழத்தைத் தில்லைக்குச் சுமந்துபோய் நடராசருக்குப் படைத்து, பிரசாதத்தை அரசனிடம் சேர்க்க வேண்டும். ஊருக்கு இது தலைச்சுமை. ஒரு சிறுவன், தன் வீட்டு முறை வந்தபோது, மரத்தையே எரித்துவிடுகிறான். அரசன் அவனை நாடு கடத்துகிறான். கடத்திவிட்டுத் திரும்பும் வழியில் அரசன் பொன் உடும்பு ஒன்றைக் காண்கிறான். அது புற்றுக்குள் நுழைகிறது. புற்றை வெட்டினால் இரத்தம். இறைவனின் திருமேனி உடும்பின் வால் வடிவம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

பொன் உடும்பு எல்லா ஊர்ப் புராணத்திலும் ஏதோ ஒரு வேடத்தில் வரும். இந்தக் கதையை நான் நம்பும்படி செய்வது பலாப்பழத்தின் முறைதான். யார் வீடு, எந்த நாள், எவ்வளவு தூரம், வராவிட்டால் என்ன தண்டனை என்ற கேள்விகள் அதிசய மரத்தைச் சுற்றி உடனே முளைத்துவிடுகின்றன. தில்லை இங்கிருந்து நாலைந்து நாள் நடை. தெய்வத்துக்கான பழம், அரசனுக்கான பிரசாதம், ஊரானின் தோள்வலி மூன்றும் ஒரே பழத்தில் சேர்கின்றன, கொகுவில் சேர்ந்ததைப் போலவே. அந்தச் சிறுவன் எரித்ததும் வெறும் மரத்தை மட்டும் இல்லை.

ஜப்பானியச் சொற்களை அள்ளியவர்கள் சறுக்கிய இடம் ஒன்றுண்டு. 'ஷுகெஞ்ஜா' என்பவர் அசல் ஜப்பானில் மலையேறித் தவம் செய்யும் துறவி. ரொகுகனில் அவர் மந்திரவாதியானார். இது பொறுக்கக்கூடிய திருட்டு. ஆனால் அந்த விளையாட்டின் பழைய பதிப்புகளில் பிணமும் தோலும் தொடும் கீழ்ச்சாதியாருக்கு வைத்த பெயர் 'எதா'. அது கற்பனைச் சொல் இல்லை. ஜப்பானில் பிறப்பால் ஒதுக்கப்பட்ட மக்களைக் குறித்த இழிசொல். 1871-இல் அரசாணை அந்தப் பிரிவை நீக்கிய பின்னும் அவர்களுடைய வழித்தோன்றல்களைக் கல்யாணத்திலும் வேலையிலும் துரத்திய சொல். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிய இளைஞனுக்கு அது இன்னொரு வண்ணப்பெயர். ஒசாகாவில் அந்தப் பெயரைச் சுமந்த குடும்பத்துக்கு அப்படி இல்லை.

நம் சுரங்கத்திலும் அதே விஷம் உண்டு. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகள் வரி நீங்கலான நிலங்களை எண்ணும்போது குளம், சுடுகாடு ஆகியவற்றோடு 'தீண்டாச்சேரி', 'பறைச்சேரி' என்றும் எழுதிப் போகின்றன, வாய்க்காலைச் சொல்லும் அதே நிதானத்தில். உத்திரமேரூர் சபையை உலகின் முதல் ஜனநாயகம் என்று மேடையில் முழங்குவோர், அது பிராமணர்களுக்குத் தந்த பிரமதேயம் என்பதையும் குடத்தில் விழுந்த ஓலைகளில் வேதம் கற்ற நிலவுடைமையாளர் பெயர்கள் மட்டுமே இருந்தன என்பதையும் சொல்வதில்லை. பெண் பெயர் இல்லை, உழுதவன் பெயர் இல்லை. கல்வெட்டுச் சொற்களின் அழகில் மயங்கிக் கற்பனை நாடு கட்டுபவர் இந்தப் படிநிலையையும் மௌனமாக இறக்குமதி செய்துவிடுவார்.

அதைத் துடைத்துவிட்டு இனிமையான ஒரு சோழ நாட்டைச் செய்வதும் எனக்கு உவப்பில்லை. அது கல்கி காலத்திலிருந்து போதுமான அளவு நடந்துவிட்டது. வேறு வழி, ஆடுபவர்களைப் படியின் எல்லாப் பக்கத்திலும் உட்கார வைப்பது. உத்திரமேரூரின் ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். அதில் தூர் எடுக்கக் கொடுத்த கொடைகள் கல்வெட்டில் உள்ளன. ஏரி வாரியத்து அறுவருக்கு ஆறு சீட்டு இருக்கட்டும். கரையில் கூடையோடு இறங்குபவனுக்கும் ஒரு சீட்டு வேண்டும். கூலியில்லாமல் வாங்கும் வேலைக்குக் கல்வெட்டுகள் வைத்திருக்கும் சொல் 'வெட்டி'. அந்தச் சீட்டை எடுப்பவருக்குப் பதவி கிடையாது, குடத்தில் ஓலை கிடையாது. ஆனால் மதகு எங்கே கசிகிறது என்பது மேசையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மழை வருவதற்குள் அதைச் சொல்வதா வேண்டாமா என்று அவர் முடிவெடுக்கலாம்.